தோட்டப் பட்டணத்தில் உடல்நலத் தங்குமிடம் தொடங்க: எந்த அலுவலகத்துக்கு முதலில் போக வேண்டும்?

வார இறுதியானால் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள உலு சிலிம் வெந்நீர் ஊற்றுக்கு வெளியூர் கார்கள் வருகின்றன. காலைத் தண்ணீரில் ஊறவைத்து உட்கார்ந்துவிட்டு, முட்டை அவித்துச் சாப்பிட்டுவிட்டு மத்தியானமே கிளம்பிவிடுகிறார்கள். இரண்டு இரவு தங்கி, நன்றாகத் தூங்கி, எண்ணெய் தேய்த்துக் குளித்து, மரக்கறிச் சாப்பாடு சாப்பிட்டுப் போக ஒரு இடம் இருந்தால் தங்கத்தான் செய்வார்கள். இந்தக் கணக்கு சிலிம் ரிவர் ஆட்கள் எல்லாருக்கும் தெரியும், அதனால்தான் "தாத்தா விட்டுப்போன ரெண்டு ஏக்கர் சும்மா கிடக்குது, ரிசோர்ட் மாதிரி போடலாமா அண்ணே" என்று வாரம் ஒருவராவது கேட்கிறார்கள். நாங்கள் சில குடும்பங்கள் சேர்ந்து இப்படி ஒன்றை நடத்துகிறோம். அலுவலகம் அலுவலகமாக அலைந்து கற்றதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன். பேராக் அனுபவம் இது. நில விஷயமும் உரிமக் கட்டணமும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், அதை மட்டும் உங்கள் ஊரில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

1. சிகிச்சையா, ஓய்வா?

கட்டில் வாங்குவதற்கு முன்னால், பெயர்ப்பலகைக்கு ஆள் தேடுவதற்கும் முன்னால் இதை முடிவு செய்யுங்கள். வருகிறவருக்கு நீங்கள் ஓய்வு கொடுக்கப் போகிறீர்களா, சிகிச்சை கொடுக்கப் போகிறீர்களா? ஓய்வு என்றால் தங்குமிட உரிமம், மசாஜ் உரிமம், சாப்பாட்டு உரிமம், அவ்வளவோடு முடியும். சிகிச்சை என்ற சொல் உள்ளே வந்துவிட்டால் சுகாதார அமைச்சின் சட்டங்கள் எல்லாம் பின்னாலேயே வரும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஓய்வில் தொடங்குங்கள் என்பதுதான் என் கருத்து. வைத்தியம் பிறகு சேர்க்கலாம், அதற்குத் தகுந்த ஆள் கிடைத்தபின்.

2. கிராண்ட்டைப் படியுங்கள்

பாதிப்பேர் இங்கேதான் விழுகிறார்கள், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

விற்கிறவர் கிராண்ட்டின், அதாவது நிலப் பட்டாவின், நாலாக மடித்த போட்டோஸ்டேட் ஒன்றைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டுவார். அதை நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள். நில அலுவலகத்தில் 'காரியான்', அதாவது நிலப் பதிவேட்டின் விவரத் தாள், எடுங்கள், செலவு சொற்பம்தான். கிராண்ட் நம்பருக்கு முன்னால் ஜிஎம் அல்லது பிஎம் என்று இருந்தால் மாவட்ட நில அலுவலகம், சிலிம் ஆட்களுக்கு அது தஞ்சோங் மாலிமில். வெறும் 'கெரான்' அல்லது பிஎன் என்றிருந்தால் ஈப்போவில் உள்ள மாநில நில அலுவலகம். இது தெரியாமல் தப்பான கவுண்டரில் நம்பர் எடுத்துக் காத்திருப்பது ஒரு நாளைத் தின்றுவிடும்.

காரியான் தாள் கைக்கு வந்ததும் நாலு விஷயம் பாருங்கள். முதலாவது நிலத்தின் வகை. தேசிய நிலச் சட்டத்தில் மூன்றே வகைதான்: விவசாயம், கட்டடம், தொழில். இரண்டாவது 'சியாராட் ஞாத்தா', அதாவது அந்த நிலத்தில் என்ன செய்ய வேண்டும் என்ற நிபந்தனை. நம் பக்கத்து நிலங்களில் ரப்பர் என்றோ செம்பனை என்றோ எழுதியிருக்கும். மூன்றாவது 'செக்காத்தான்', மாநில அரசு அனுமதி இல்லாமல் விற்கவோ குத்தகைக்கு விடவோ முடியாது என்ற தடை. நாலாவது, மலாய்க்காரர்களுக்கென்றே ஒதுக்கிய மலாய் ரிசர்வ் நிலமா என்பது. ரிசர்வ் என்றால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். "பேருக்கு ஒருத்தரை வைத்து வாங்கிக்கலாம்" என்று சொல்கிற தரகரிடம் இன்னொரு கப் டீ கூடக் குடிக்க வேண்டாம்.

விவசாய நிலத்தில் உரிமையாளர் குடியிருக்க வீடு கட்டலாம், விவசாயத்துக்கு வேண்டிய கொட்டகை போடலாம். காசு வாங்கிக்கொண்டு விருந்தாளி தங்க வைக்கும் அறைகள் அதில் சேராது. வகையையும் நிபந்தனையையும் மாற்ற மனு போட வேண்டும், அதற்கு 'பிரிமியம்' கட்ட வேண்டும். நிலத்தின் மதிப்பை வைத்து அதைக் கணக்கிடுவார்கள், ஆகவே உங்கள் மொத்தச் செலவில் இது பெரிய துண்டு. மாற்றாமல் கட்டிவிட்டால் முதலில் நோட்டீஸ் வரும், அபராதம் வரும், கண்டுகொள்ளாமல் இருந்தால் நிலமே அரசாங்கத்துக்குப் போகலாம். கவுண்டரில் ஆறு மாதம் என்று சொன்னால் நீங்கள் மனதில் ஒரு வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பொறி தோட்டத்து நிலம். 40 ஹெக்டருக்குக் குறையாத விவசாய நிலத்தைத் துண்டுபோட்டு விற்க, மாற்றிக் கொடுக்க, 'லெம்பாகா தானா லாடாங்' என்ற தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும், அதே நிலச் சட்டத்தில் 214ஏ பிரிவு. "பழைய தோட்டத்தில் ஆளுக்கு ஒரு ஏக்கர் பங்கு, கிராண்ட்டில் பேர் ஏறும்" என்று விற்பவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். அப்படியே பேர் ஏறினாலும் பிரிக்கப்படாத பங்குதான் கிடைக்கும், எந்த மூலை உங்களுடையது என்று யாராலும் காட்ட முடியாது. அதில் எப்படிக் கட்டடம் கட்டப் போகிறீர்கள்?

வாங்க வேண்டாம், வாடகைக்கு எடுக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு: பழைய துரை பங்களாக்கள் இன்னும் சில இடங்களில் காலியாகக் கிடக்கின்றன, பெரிய வராந்தா, உயர்ந்த கூரை, சுற்றிலும் மரம், இந்தத் தொழிலுக்கென்றே கட்டினது மாதிரி. மூன்று வருஷம் வரைக்கும் வாடகை ஒப்பந்தம் போதும். அதற்கு மேல் போனால் அது குத்தகை, நில அலுவலகத்தில் பதிய வேண்டும். பதியாத பத்து வருஷ ஒப்பந்தத்தை நம்பிக் கூரை மாற்றி, குளியலறை கட்டி லட்சக்கணக்கில் கொட்டினால், தோட்டம் கைமாறும்போது புது முதலாளி உங்களைக் கண்டுகொள்ளவே மாட்டார். ஒப்பந்தம் எதுவானாலும் கையெழுத்தான 30 நாளுக்குள் முத்திரை வரி கட்டிவிடுங்கள், தாமதித்தால் அபராதம்.

3. மஜ்லிஸ், போம்பா, கட்டட அனுமதி

நிலம் சரியானபின்தான் மஜ்லிஸ். எங்கள் பக்கம் அது தஞ்சோங் மாலிம் மாவட்ட மன்றம். புதுக் கட்டடமோ பழைய வீட்டின் பயன்பாட்டை மாற்றுவதோ எதுவானாலும் 'கெபெனாரான் மெரான்சாங்' என்ற திட்டமிடல் அனுமதி வேண்டும், பிறகு கட்டட பிளான். மன்றத்தில் உள்ள ஓ.எஸ்.சி. என்ற மனு வாங்கும் பிரிவு வழியாக ஆர்க்கிடெக்ட், பதிவுபெற்ற வரைவாளர் போன்றவர்கள்தான் போட முடியும். நீங்களே கையால் வரைந்த பிளானை எடுத்துப்போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வேலை முடிந்ததும் கட்டடம் விதிப்படி முடிந்தது என்று காட்டும் சி.சி.சி. சான்றிதழ் வாங்குங்கள். அது இல்லாமல் வியாபார உரிமம் கிடைப்பது கஷ்டம், காப்புறுதிக்காரரும் முகம் சுளிப்பார்.

போம்பா, அதாவது தீயணைப்புத் துறையின் ஆதரவுக் கடிதம் கேட்பார்கள். தீயணைப்புக் கருவி, அவசர விளக்கு, வெளியேறும் வழி பலகை எல்லாம் பரிசோதனைக்கு முன்னாலேயே மாட்டிவையுங்கள். பழைய பலகை வீடு என்றால் வயரிங்கை முழுக்க மாற்ற ஒரு தொகை ஒதுக்குங்கள், எரிசக்தி ஆணையத்தில் பதிந்த ஒப்பந்தக்காரரை வைத்து. செப்டிக் டேங்க்கை மறக்காதீர்கள். நாலு பேர் வீட்டுக்குப் போட்டது இருபது விருந்தாளிக்குத் தாங்காது. நாற்றம் வந்தபின் தோண்டுவது இரட்டைச் செலவு.

4. கம்பெனி பதிவு

இதுதான் சுலபம். கம்பெனி ஆணையமான எஸ்.எஸ்.எம். இணையத்தில் தனிநபர் வியாபாரம் பதிய உங்கள் சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 வெள்ளி (ரிங்கிட்), வியாபாரப் பெயரில் 60 வெள்ளி. செண்டிரியான் பெர்ஹாட், அதாவது தனியார் கம்பெனி என்றால் 1,000 வெள்ளி, அதோடு செயலாளர், கணக்காய்வு என்று வருஷா வருஷம் செலவு. பல குடும்பம் பணம் போடுகிறதென்றால் இந்தச் செலவைப் பார்க்காமல் செண்டிரியான் பெர்ஹாட்டே போடுங்கள். சொந்தக்காரர்களுக்குள் பங்குத் தகராறு வந்தால் தாளில் இருப்பதுதான் பேசும்.

5. கை வைப்பவர் யார்?

தோட்டத்தில் எண்ணெய் தேய்க்கத் தெரிந்த பாட்டி யாராவது நிச்சயம் இருப்பார். கட்டைவிரலால் கழுத்துக்குக் கீழே ஒரு இடத்தைப் பிடித்து அழுத்தினால் போதும், விருந்தாளி அடுத்த மாதமும் வருவார். ஆனால் அந்தக் கையை வைத்துத் தொழில் செய்ய இரண்டு வழி உண்டு. எந்த வழி என்று முதலிலேயே பிரித்துக்கொள்ளுங்கள்.

ஓய்வுக்கான மசாஜ், ஸ்பா என்றால் மஜ்லிஸ் உரிமம். நிபந்தனைகள் கடுமையாக இருக்கும். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண், அறைக்கதவில் உள்பூட்டு கூடாது, உள்ளே தெரியும்படி கண்ணாடி வைக்க வேண்டும், இத்தனை மணிக்குமேல் நடத்தக் கூடாது என்று பல மன்றங்கள் கேட்கின்றன. மசாஜ் என்ற பெயரில் வேறு தொழில் நடப்பதால்தான் இவ்வளவு. கோபப்பட்டுப் பலனில்லை, அறை கட்டுவதற்கு முன் நிபந்தனைத் தாளைக் கேட்டு வாங்கி, அதன்படி கட்டுங்கள். பணியாளரை சிஜில் கெமாஹிரான் மலேசியா (மலேசியத் திறன் சான்றிதழ்) படிப்புக்கு அனுப்புங்கள், கையில் சான்றிதழ் இருந்தால் அதிகாரியிடம் பேச்சு சுருங்கும்.

ஆயுர்வேதம், சித்தம் என்று சொல்லிச் சிகிச்சை கொடுப்பதென்றால் 2016ஆம் ஆண்டின் பாரம்பரிய மற்றும் துணை மருத்துவச் சட்டம், சட்டம் 775. அது ஏற்றுக்கொண்ட துறைகளில் பாரம்பரிய இந்திய மருத்துவமும் ஒன்று. வைத்தியர் அந்தச் சட்டத்தின்கீழ் உள்ள பாரம்பரிய, துணை மருத்துவ மன்றத்தில் பதிந்தவராக இருக்க வேண்டும். பதிவு எண்ணையும் நடப்பில் உள்ள சான்றிதழையும் கண்ணால் பார்த்து, பிரதி எடுத்து ஃபைலில் வையுங்கள். "கேரளாவில் இருபது வருஷம் செய்தவர்" என்ற அறிமுகம் இங்கே செல்லாது.

கேரளா என்றதும் ஞாபகம் வருகிறது. இந்தியக் குடிமக்களுக்கு 30 நாள் விசா இல்லாமல் வர 2026 முடிவு வரை சலுகை உண்டு. சுற்றிப் பார்க்கத்தான் அது. அப்படி வந்தவரை "ரெண்டு வாரம் உதவிக்கு" என்று மசாஜ் அறையில் நிற்க வைத்தால் குடிநுழைவுத் துறை சோதனையில் அவரும் மாட்டுவார், நீங்களும் மாட்டுவீர்கள். ஏஜென்ட் ஒருவர் எங்களிடமும் இப்படித்தான் ஆள் அனுப்புவதாகச் சொல்லி முன்பணம் கேட்டார். பெர்மிட் கேட்டதும் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார்.

6. விளம்பரத்தில் எழுதக் கூடாதது

1956ஆம் ஆண்டு மருந்துகள் (விளம்பரம், விற்பனை) சட்டத்தின் பட்டியலில் 20 நோய்கள் இருக்கின்றன. இனிப்புநீர், ரத்தக் கொதிப்பு, புற்றுநோய், இருதய நோய், சிறுநீரக நோய், ஆஸ்துமா, பக்கவாதம், குழந்தையின்மை எல்லாம் அதில் அடக்கம். இவற்றைக் குணமாக்கும், தடுக்கும் என்று விளம்பரம் செய்ய முடியாது. நம் ஆட்கள் போடுகிற துண்டுப்பிரசுரத்தைப் பாருங்கள், முதல் வரியிலேயே இதில் மூன்று இருக்கும்!

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் ஃபேஸ்புக் பதிவும் விளம்பரம்தான். விருந்தாளி ஒருவர் ஆசையாக "ரெண்டு நாள் தங்கினேன், சுகர் இறங்கிடுச்சு" என்று எழுதினால் நன்றி சொல்லுங்கள், அதை எடுத்து உங்கள் பக்கத்தில் பெரிய எழுத்தில் போடாதீர்கள். தூக்கம், ஓய்வு, அதிகாலை நடை, வெந்நீர்க் குளியல், வீட்டுச் சாப்பாடு, இவற்றைத் தாராளமாக எழுதலாம்.

எண்ணெய், லேகியம், பொடி போத்தலில் அடைத்து விற்பது தனித் தலைவலி. மருந்து என்று சொன்னால் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தில் பதிந்து, எம்ஏஎல் என்று தொடங்கும் எண் வாங்கியிருக்க வேண்டும். பாரம்பரிய மருந்தின் எண் 'டி' எழுத்தில் முடியும். அந்த எண் இல்லாத போத்தலை உங்கள் கவுண்டரில் வைக்காதீர்கள், அத்தை செய்ததாக இருந்தாலும்.

7. வெந்நீர், பச்சைத் தண்ணீர், சமையல்

உங்கள் நிலத்தில் ஊற்று இருந்தால் அதிர்ஷ்டம், ஆனால் தண்ணீர் உங்கள் சொத்து என்று நினைத்துக் குழாய் போடாதீர்கள். தண்ணீர் மாநில அரசின் கையில். எடுக்க அனுமதி வேண்டும், தரத்தையும் சோதிக்க வேண்டும். கனிமப் புவியியல் துறையிடம் ஊற்றுகளைப் பற்றிய விவரம் இருக்கும், அங்கிருந்து தொடங்குங்கள். கந்தக நீர் இரும்புக் குழாயை அரித்துத் தின்னும், பைப்பை யோசித்து வாங்குங்கள்.

உலு சிலிம் மாதிரி கொதிக்கிற ஊற்றுத் தண்ணீரை நேராகத் தொட்டியில் விட்டால் தோல் உரிந்துவிடும். ஆறவைக்கும் தொட்டி ஒன்று, குளிக்கும் தொட்டி ஒன்று என்று பிரியுங்கள். குளிக்கும் தொட்டி 40 டிகிரியைத் தாண்ட வேண்டாம், சுவரில் தெர்மாமீட்டர் மாட்டுங்கள், பத்துப் பதினைந்து நிமிஷத்தில் எழுந்துவிடச் சொல்லுங்கள். கர்ப்பிணிகள், இருதயக்காரர்கள், ரத்தக் கொதிப்பு மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்க வேண்டாம் என்று மூன்று மொழியில் எழுதிவையுங்கள். சிலிம் ரிவரில் அரசாங்க மருத்துவமனை இருப்பது நமக்குப் பெரிய பலம். அவசரத்துக்கு யார் கார் ஓட்டுவது என்பதை இன்றே தீர்மானியுங்கள்.

வருகிறவரிடம் நோய் விவரம் கேட்டு பாரம் வாங்குவீர்கள் அல்லவா, அது தனிநபர் தரவுச் சட்டத்தில் மிக முக்கியமான தகவல். கையெழுத்துச் சம்மதம் வாங்குங்கள், ஃபைலைப் பூட்டிவையுங்கள். கவுண்டரில் திறந்து கிடக்கக் கூடாது.

சமையல்காரர்கள் எல்லாரும் டைஃபாய்ட் ஊசி போட வேண்டும், மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை. உணவு கையாள்பவர் பயிற்சி அரை நாளில் முடியும். சமையலறையை சுகாதார அமைச்சில் பதிய வேண்டும். தேங்கிய தண்ணீரில் கொசுப்புழு கண்டால் அபராதம் எழுதுவார்கள். பூஞ்சாடிகளைக் கவனியுங்கள், உடல்நல விடுதியிலிருந்து டெங்கியோடு ஒருவர் திரும்பிப்போனால் பிறகு தொழிலே இல்லை.

8. அறை, வரி

தங்குமிடத்தை சுற்றுலா அமைச்சான மோட்டாக்கில் பதிய வேண்டும். பெயரில் 'ஹோம்ஸ்டே' என்று போடும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தச் சொல் அமைச்சின் கிராம வீட்டுத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு உரியது. வெளிநாட்டு விருந்தாளிக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளி சுற்றுலா வரி வசூலித்துச் சுங்கத் துறையில் கட்ட வேண்டும். ஐந்து அறைக்குக் குறைவாக இருந்தால் அது இல்லை. அதனால் நாலு அறையில் தொடங்குவது புத்திசாலித்தனம். ஆண்டு வருமானம் 5 லட்சம் வெள்ளியைத் தாண்டினால் தங்குமிடத்துக்கு 8 சதவீத சேவை வரி. அந்தக் கவலை வரும் நாள் வரட்டும்.

9. ஆட்களும் சம்பளமும்

குறைந்தபட்ச சம்பளம் 1,700 வெள்ளி, 2025 ஆகஸ்ட் முதல் எல்லா முதலாளிக்கும். 5,000 வெள்ளி வரை சம்பளம் வாங்குபவருக்கு முதலாளி பங்காக 13 சதவீதம் இ.பி.எஃப். என்ற சேமநிதி, அதோடு சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு, இ.ஐ.எஸ். என்ற வேலைக் காப்புறுதி. வாரத்துக்கு 45 மணி நேரம்தான் வேலை. "நம்ம பிள்ளைதானே, சாப்பாடு போட்டுக் கையில் கொடுத்துக்கலாம்" என்ற பேச்சு வேண்டாம். அந்தப் பிள்ளை வழுக்கி விழுந்து கையை உடைத்துக்கொண்டால் சொக்சோதான் தாங்கும்.

10. ஊரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

நாலு அறையை வைத்துக்கொண்டு ஓர் ஊருக்கு ஆளை வரவழைக்க முடியாது. இரண்டு இரவு தங்குகிறவருக்கு இரண்டு பகல் இருக்கிறது. சைக்கிள் வாடகைக்கு ஒருவர், காலையில் தோசைக்கு ஓர் அக்கா, செம்பனைக் காட்டுப் பாதையில் நடக்கக் கூட்டிப்போக ஒருவர், ஸ்டேஷனிலிருந்து ஏற்றிவர ஒருவர் என்று பிரித்துக் கொடுங்கள். இ.டி.எஸ். ரயிலில் சில சேவைகள் சிலிம் ரிவரில் நிற்கின்றன, கார் இல்லாத வயதானவர்களுக்கு இது பெரிய வசதி. விலையை எல்லாரும் சேர்ந்து பேசி ஒரே தாளில் எழுதுங்கள். இல்லாவிட்டால் ஆளுக்கொரு விலை சொல்லி விருந்தாளி முன்னாலேயே சண்டை நடக்கும்.

காட்டுக்குள் கூட்டிப்போவதென்றால் வனத்துறை அனுமதி வேண்டும், வழிகாட்டிக்கு மோட்டாக் உரிமம் வேண்டும். இயற்கை வழிகாட்டிகளுக்குப் பச்சை பேட்ஜ். ஓராங் அஸ்லி என்ற பூர்வகுடிகளின் கிராமம் வழியில் இருந்தால் அவர்கள் தலைவரான தோக் பாத்தினிடம் முதலில் போய்ப் பேசுங்கள், அவர்கள் ஆட்களையே வழிகாட்ட வையுங்கள். நம்மைவிட அவர்களுக்குத்தான் அந்தக் காடு தெரியும்.

பக்கத்துத் தோட்ட மேனேஜரைப் பாருங்கள். என்றைக்கு மருந்து அடிக்கிறார்கள், எந்த நேரத்தில் குலை லோரி போகிறது என்று கேட்டு வாங்குங்கள். வராந்தாவில் யோகா செய்கிறவர் மூக்கில் களைக்கொல்லி வாடை அடித்தால் பணத்தைத் திருப்பிக் கேட்பார். ரப்பர் பக்கம் என்றால் கட்டிப்பால் வாடை, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து அறைகளைப் போடுங்கள். கோயில் திருவிழாத் தேதியையும் முன்கூட்டியே வாங்குங்கள். ஒலிபெருக்கியை யாராலும் நிறுத்த முடியாது, நிறுத்தச் சொல்லவும் கூடாது. அந்த வாரத்துக்கு அமைதி விரும்பிகளை எடுக்காமல், தீமிதி பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு அறையைக் கொடுங்கள்.

11. பணம், நேரம், வரிசை

நிலத்துக்குச் சேமிப்பு, கட்டடத்துக்கு வங்கி, சாமான்களுக்குச் சிறுகடன் என்று பிரிப்பது நல்லது. இந்தியத் தொழில்முனைவோருக்கு அரசாங்கக் கடன் நிறுவனமான டெக்குனில் 'ஸ்புமி' திட்டம் இருக்கிறது, பெரிய தொகைக்கு 1 லட்சம் வெள்ளி வரை போகும் பிரிவும் உண்டு. பெண்களுக்குச் சிறுகடன் நிறுவனமான அமானா இக்தியாரின் 'பெண்' திட்டம். மனு போட எஸ்.எஸ்.எம். பதிவு, வங்கிக் கணக்கு அறிக்கை, வியாபார இடத்தின் படம் எல்லாம் தயாராக இருக்கட்டும். கடனை வாங்கித் தருகிறேன் என்று கமிஷன் கேட்பவர் யாராக இருந்தாலும் விலகிப் போங்கள், நேராகக் கிளைக்கே போகலாம்.

வரிசை இதுதான்: காரியான், நில மாற்றம், பிளான், கட்டடம், சி.சி.சி., உரிமங்கள், ஆட்கள், கடைசியில் விளம்பரம். எஸ்.எஸ்.எம். பதிவை நடுவில் எங்கேயும் செருகலாம். நில மாற்றம் தேவைப்பட்டால் இரண்டு வருஷம் என்று திட்டமிடுங்கள். கட்டட வகை நிலத்தில் நிற்கும் வீடு கிடைத்தால் ஒரு வருஷத்துக்குள் முடிக்கப் பார்க்கலாம். திறந்தபின் ஆறு மாதச் சம்பளமும் மின்கட்டணமும் தொடாமல் தனிக் கணக்கில் கிடக்க வேண்டும்.

திறப்பதற்கு அக்டோபர், நவம்பர் வேண்டாம், மேற்குக் கரையில் மத்தியானம் ஆனால் மழை கொட்டும். ஜூன் வாக்கில் பள்ளி விடுமுறை இல்லாத ஒரு வாரம் பார்த்து, தெரிந்தவர்கள் நாலைந்து பேரைப் பாதி விலைக்குத் தங்க வையுங்கள். இலவசம் வேண்டாம், காசு கொடுத்தவர்தான் குறை சொல்வார். எந்தக் குழாயில் தண்ணீர் வரவில்லை, எந்த மெத்தை குழிவிழுகிறது, சாம்பாரில் காரம் அதிகமா என்பதெல்லாம் அவர்கள் வாயிலிருந்து வந்துவிடும். அதைச் சரிசெய்தபின் முழு விலையைப் பலகையில் எழுதுங்கள், முன்பதிவுக்குப் பாதிப் பணம் வாங்குங்கள், ரத்து செய்தால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை ரசீதிலேயே அச்சிடுங்கள்.